சர்க்கரை போட்டு அனுப்பிய கிண்ணம்

ராயபுரம்
9 ஜனவரி 1953

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நம் மகள் அஜீசாவும் திங்கட்கிழமை கரையிறங்கினோம். இரண்டு பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான் கொஞ்சம் வருத்தம். பினாங்கு ஜெட்டியில் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றதை நான் மறக்கவில்லை. நானும்தான் கையாட்டவில்லை. அஜீசா மட்டும் நம் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து ஆட்டினாள்.

நாம் பேசிக்கொண்டதை மறுபடி எழுதிவிடுகிறேன், பிறகு நீங்கள் மாற்றிப் பேசக்கூடாது. நான் ஒரு மாதம் உங்கள் கூடப்பிறந்த லாத்தா வீட்டில் இருந்து பார்க்க வேண்டும். பிடித்தது பிடிக்காதது எதையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். எனக்குச் சம்மதமென்றால் சூலியா தெருவிலுள்ள நம் கைலிக் கடையை விட்டுவிட்டு நாம் ராயபுரத்துக்கே குடிவந்துவிடுவோம். இல்லையென்றால் நீங்கள் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டீர்கள். சரிதானே?

உங்களுக்கு இது பிறந்த ஊர். எனக்கு வெளிநாடு. கஸ்டம்ஸ்காரர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "தமிழ் நல்லாப் பேசறீங்களே" என்றார். என்ன சொல்வது!

பிடிக்காததை முதலில் எழுதிவிடுகிறேன். காக்கா. காலையில் முற்றத்தில் தோசையோடு உட்கார்ந்தால் அஜீசா பாதி, காக்கா பாதி. அடுத்தது கரித்தூள். துறைமுகத்தில் கப்பலிலிருந்து நிலக்கரி இறக்கினால் எல்லார் வீட்டுக் கொடியிலும் துணி கறுக்கிறது. அப்புறம், இங்கே யாருக்கும் கதவு தட்டத் தெரியாது. நான் தலை வாரிக்கொண்டிருக்கும்போது நான்கு பெண்கள் உள்ளே வந்து பாயில் உட்கார்ந்து, "கையில போட்டுகிறது எத்தினி பவுனு?" என்று கேட்டார்கள். அவர்கள் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நல்லதும் ஒன்று நடந்தது. எதிர்வீட்டுப் பச்சையம்மா, என் வயதுதான் இருக்கும், புருஷன் பொன்னுரங்கம் கட்டுமரத்தில் மீனுக்குப் போகிறவர். விருந்தாளி வந்திருக்கிறாள் என்று நீலக் கரை போட்ட வெள்ளை எனாமல் கிண்ணத்தில் இறால் தொக்கு கொடுத்தாள். லாத்தா தூங்கிக்கொண்டிருந்தார். நான் நம் பினாங்கு வழக்கப்படி கிண்ணத்தைக் கழுவி, வெறுமையாகக் கொடுக்கக்கூடாதென்று ஒரு பிடி சர்க்கரை போட்டு அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஊரில் கால் வைத்ததும் நல்ல பேர் வாங்கிவிட்டேன் பாருங்கள்.

மலிகா

பினாங்கு
17 ஜனவரி 1953

அன்பு மலிகாவுக்கு,

வ அலைக்கும் அஸ்ஸலாம். உன் கடிதத்தைக் கடையில் வைத்தே படித்தேன். கைலி எடுக்க வந்தவர் "வீட்டில் ஏதாவது கெட்ட செய்தியா?" என்று கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

காக்கா எந்த ஊரில்தான் இல்லை? பினாங்குக் காக்கா என்ன சலாம் சொல்லிவிட்டா தோசையை எடுக்கிறது? கரித்தூளையெல்லாம் ஒரு குறையென்று எழுதுகிறாயே, எங்கள் லாத்தா அந்தக் கரித்தூளில் வளர்ந்துதான் அவ்வளவு திடமாக இருக்கிறார்.

நீ பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் பார்க்கக் கூடாததையே பார்க்கிறாய். மொட்டைமாடிக்கு ஏறு, கடல் தெரியும். சாயங்காலம் அந்தக் காற்றில் நின்று பார்த்துவிட்டு எழுது. ராயபுரம் ஸ்டேஷன் எதிரில் பொறை ரொட்டியும் டீயும் விற்கும் ஒரு கடை இருக்கும், அங்கே வாங்கிச் சாப்பிடு. அப்புறம் டிராமில் ஏறி ஒரு தடவையாவது பாரிஸ் கார்னர் வரை போய் வா.

சர்க்கரை விஷயம் எனக்குக் கொஞ்சம் உதைக்கிறது. லாத்தாவிடம் கேட்டாயா? எதிர்வீட்டிலிருந்து மீன் வந்தால் கிண்ணத்தை நாங்கள் அடுக்களையிலேயே வைத்திருப்போம், பெருநாளன்று பிரியாணி போட்டுத்தான் திருப்பிக் கொடுப்போம். அதுதான் அங்கே வழக்கம்.

இன்னொன்று. நம் கட்டடத்துச் சொந்தக்காரர், அந்தச் சீனத் தௌக்கே வந்தார். கடையை இன்னும் ஐந்து வருஷத்துக்கு எடுத்துக்கொள்கிறாயா, விடுகிறாயா என்று சீனப் புத்தாண்டுக்குள் சொல்ல வேண்டுமாம். பிப்ரவரி பதினாலு புத்தாண்டு. அதற்குள் உன் முடிவு வர வேண்டும்.

வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. உன்னோடு சண்டை போட ஆளில்லாமல் ரேடியோவோடு சண்டை போடுகிறேன்.

ஹுமாயூன்

ராயபுரம்
25 ஜனவரி 1953

அன்பு மச்சானுக்கு,

சர்க்கரை என்னைக் கெடுத்துவிட்டது.

லாத்தா எழுந்ததும் பெருமையாகச் சொன்னேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "இன்னா பண்ணி வெச்ச? பொண்ணு மாரி வந்தவ சர்க்கரை குட்த்தா, அவ சும்மா இருப்பாளா? இனிமே இது நிக்காது பாரு."

நிற்கவில்லை. மறுநாளே கிண்ணத்தில் நெத்திலி வறுவல் வந்தது. பினாங்கில் சர்க்கரை என்றால் நன்றி, முடிந்தது. இங்கே நான் சீர் செய்த மாதிரி ஆகிவிட்டதாம், அதற்குப் பதில் செய்தே ஆக வேண்டுமாம். சரி, நெத்திலி வந்த கிண்ணத்தை எப்படிச் சும்மா அனுப்புவது? தேங்காய்ச் சோறு போட்டு அனுப்பினேன். சுறாப் புட்டு வந்தது. வட்டலப்பம் போனது. நண்டு வந்தது. லாத்தா சமையலறைப் பக்கமே வருவதில்லை, "நீயே ஆரம்பிச்ச, நீயே முடி" என்கிறார்.

ஒரு நாள் வேறு வழியில்லாமல் தேங்காய்ப்பாலும் முட்டையும் கிண்டிக் காயா செய்து கொடுத்தேன். ரொட்டியில் தடவச் சொல்ல மறந்துவிட்டேன். பொன்னுரங்கம் அதைப் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, "ஸோக்கா கீது, ஆனா காரம் பத்தல" என்றாராம்.

இனி நீங்கள் கேட்டவை. மொட்டைமாடியில் ஏறினேன். கடல் தெரியவில்லை. நடுவில் ஒரு கோடவுன் கட்டியிருக்கிறார்கள், அதன் தகரக்கூரை தெரிகிறது. ஆனால் காற்று நீங்கள் சொன்ன மாதிரியேதான், பொய்யில்லை. பொறைக் கடை இப்போது சைக்கிள் கடை. அங்கே நின்று "பொறை இருக்கிறதா?" என்று கேட்டேன். அந்த ஆள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பெல்லு கீது, பெடலு கீது, வோணுமா?" என்றார்.

டிராம் எனக்குப் பிடித்திருக்கிறது. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். நான் அஜீசாவை இழுத்துக்கொண்டு ஓடிவருவதைப் பார்த்து கண்டக்டர் மணி அடிக்காமல் நின்றார். ஏறியதும் திட்டினார், அது வேறு.

உங்கள் மகள் பேச்சு எப்படி மாறிவிட்டது தெரியுமா? நேற்று பால் குடிக்கச் சொன்னேன். "இன்னாமே பேஜாரு பண்ற" என்கிறாள். அடிக்கக் கை ஓங்கிவிட்டேன், சிரிப்பு வந்துவிட்டது.

பிடிக்காதவை இன்னும் நிறைய இருக்கின்றன. குழாயடியில் வரிசை என்பதே கிடையாது. மழை கிடையாது, பினாங்கு மழையை நினைத்தால் அழுகை வருகிறது. காப்பியில் கண்ணை மூடிக்கொண்டு இனிப்பைக் கொட்டுகிறார்கள். மீதியை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன், கிண்ணம் வந்துவிட்டது.

மலிகா

பினாங்கு
2 பிப்ரவரி 1953

அன்பு மலிகாவுக்கு,

பொறைக் கடை இல்லையென்று படித்ததும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ சிரிப்பாய். சிரி. பதினாறு வயதில் விட்டுவந்தவன் நான், எனக்கு அந்தக் கடை இன்னும் அங்கேயேதான் இருந்தது. கோடவுன் கட்ட அவர்களுக்கு வேறு இடமா கிடைக்கவில்லை?

இங்கே என் நிலைமையைக் கேள். சமைக்க முயன்று அரிசியைத் தீய்த்தேன். புகையைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு ஆலிஸ் அக்கா ஓடிவந்தார். அன்றிலிருந்து ராத்திரி அவர் வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் குழம்பு வருகிறது. நான் கழுவி வெறுமையாகக் கொடுத்தேன். அவர் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "மலிகா இருந்தால் இப்படிக் கொடுக்க மாட்டாள்" என்றார். மறுநாள் சர்க்கரை போடலாமென்று டப்பாவைத் திறந்தேன், முழுக்க எறும்பு. இப்போது கிண்ணம் நம் மேசைமேல் இருக்கிறது. ஆலிஸ் அக்கா இன்னொரு கிண்ணத்தில் அனுப்புகிறார்.

தனியாக இருப்பதில் ஒன்று தெரிந்துகொண்டேன். ஜெட்டியில் நான் கையாட்டாமல் நின்றது தப்பு. அதை எழுதத்தான் இந்தக் கடிதம். கப்பல் போன பிறகு நான் அங்கேயே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன், உனக்குத் தெரியாது.

தௌக்கே நேற்றும் வந்தார். உன் முடிவை எழுது. தெளிவாக எழுது.

ஹுமாயூன்

ராயபுரம்
8 பிப்ரவரி 1953

அன்பு மச்சானுக்கு,

நான் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. முடிவை எழுதுவதற்கு முன் நடந்த ஒன்றை எழுத வேண்டும், இல்லையென்றால் உங்களுக்கு விளங்காது.

பொன்னுரங்கம் காலில் திருக்கை முள் குத்திவிட்டது. கால் வீங்கிப் படுத்துவிட்டார். கட்டுமரம் கரையிலேயே கிடந்தது. வீட்டில் மீன் இல்லை, மீன் இல்லையென்றால் விற்க ஒன்றுமில்லை. அப்போதும் கிண்ணம் வந்தது. திறந்தால் இரண்டு முட்டை. அவள் வீட்டில் கோழி கிடையாது, கடையில் வாங்கியிருக்கிறாள். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. நான் விளையாட்டாக ஆரம்பித்த ஒன்று அவளைக் கடைக்கு அனுப்புகிறதே என்று. அதனால் கிண்ணத்தைத் திருப்பி அனுப்பவில்லை, அடுக்களையில் கவிழ்த்து வைத்துவிட்டேன். அவர் கால் குணமாகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன் மச்சான்.

அன்றிலிருந்து பச்சையம்மா என்னைப் பார்க்கவில்லை. குழாயடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் நாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"எங்கூட்டுக் கிண்ணி உனுக்கு இன்னாமே பாரமா பூட்ச்சா?"

எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மெதுவாகச் சொன்னேன். வீட்டில் கஷ்டமான நேரத்தில் என்னால் செலவு வேண்டாமென்றுதான் வைத்துக்கொண்டேன் என்றேன்.

"மீன் வர்லன்னா கிண்ணிய முடக்கிடுவியா? அப்போ இத்தினி நாளு மீனோட தான் பேசிகினு இருந்தியா, என்னோட இல்லியா?"

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் அதைப் பார்த்துவிட்டு இன்னும் கோபமாக, "அய்ய, அழுவாதே, தண்ணி புட்ச்சிகினு வூட்டுக்கு வா" என்றாள். போனேன். கூழும் வெங்காயமும் கொடுத்தாள். பொன்னுரங்கம் காலை நீட்டிக்கொண்டு, "அந்த இனிப்புக் கொயம்பு இன்னும் கீதா?" என்று கேட்டார். காயாவைத்தான் கேட்கிறார். அன்று சாயங்காலமே கிண்டிக் கொடுத்துவிட்டேன், மிளகாய் போடாமல்.

இப்போது நீங்கள் கேட்டது.

பிடிக்காதவை: காக்கா, கரித்தூள், குழாயடி, காப்பி, மழை இல்லாதது, மாடியில் கடல் தெரியாதது, பவுன் எவ்வளவு என்று கேட்பது. பிடித்தவை: டிராம், சாயங்காலக் காற்று, கூடை கூடையாகக் கனகாம்பரம், லாத்தாவின் திட்டு. பாங்கு சொல்லி முடிவதற்குள் கோயில் மணி அடிக்கத் தொடங்குவதும் பிடித்திருக்கிறது. கதவு தட்டாமல் வருகிறார்கள் என்று முதல் கடிதத்தில் குறை எழுதினேன் அல்லவா? நேற்று நான் பச்சையம்மா வீட்டுக்குள் கதவு தட்டாமல் போனேன். போன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

என் முடிவு, சம்மதம். கடையை விட்டுவிடுங்கள். நாம் ராயபுரத்துக்கு வந்துவிடுவோம்.

மலிகா

பினாங்கு
13 பிப்ரவரி 1953

அன்பு மலிகாவுக்கு,

இன்றைக்குத்தான் கடைசி நாள். உன்னிடமிருந்து தபால் வரவில்லை. தௌக்கே கடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நீ எழுதிய இரண்டு கடிதங்களையும் மறுபடி மறுபடி படித்தேன். காக்கா, கரித்தூள், வரிசையில்லாத குழாயடி, மழையை நினைத்து அழுகை. இவ்வளவும் பிடிக்காத இடத்துக்கு உன்னை இழுத்துக்கொண்டு போய் நான் மட்டும் சந்தோஷமாக இருப்பேனா? நீ சிரிக்காத வீடு ராயபுரத்தில் இருந்தால் எனக்கென்ன, எங்கே இருந்தால் எனக்கென்ன. பொறைக் கடையும் இல்லை, கடலும் மறைந்துவிட்டது. எதற்காக அடம்பிடிக்கிறேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

அதனால் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஐந்து வருஷம். நீ ஜெயித்துவிட்டாய். இனி அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன். சீக்கிரம் புறப்பட்டு வா.

ஹுமாயூன்

பினாங்கு
16 பிப்ரவரி 1953

மலிகா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. படித்துவிட்டுச் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் தௌக்கே வீட்டுக்கு ஓடினேன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். வீட்டுக்குள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். சீனப் புத்தாண்டின் மூன்றாம் நாள் யார் வீட்டுக்கும் யாரும் போகக் கூடாதாம், போனால் அந்த வருஷம் முழுக்கச் சண்டையாம். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் எனக்கு இது தெரியாது. நீ சர்க்கரை போட்டதற்குச் சிரித்தேன், எனக்கு வேண்டியதுதான்.

வாசலிலேயே நிற்கவைத்துப் பேசினார். போட்ட கையெழுத்து போட்டதுதானாம். கடைசியில் மனமிரங்கி, ஒரு வருஷம் கழித்து என்னைப் போல ஒழுங்கான ஆள் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினால் கடையை அவருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார். கையில் இரண்டு ஆரஞ்சுப் பழமும் கொடுத்தார்.

என்மேல் கோபமா? கோபமாக இருந்தால் அதையும் எழுது. உன் தபாலுக்காகக் காத்திருக்காமல் அவசரப்பட்டுவிட்டேன். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

ஹுமாயூன்

ராயபுரம்
23 பிப்ரவரி 1953

அன்பு மச்சானுக்கு,

கோபம்தான். உங்கள் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. முதலாவதைப் படித்துவிட்டு லாத்தாவிடம் சண்டை போட்டேன், நீங்கள் கையில் அகப்படாததால். இரண்டாவதைப் படித்துவிட்டு நானும் லாத்தாவும் சிரித்த சிரிப்பில் பச்சையம்மா என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள். கதவு தட்டாமல்தான்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பிடிக்காததை எழுதச் சொன்னீர்கள், எழுதினேன். பிடிக்காதது என்று எழுதினால் வேண்டாம் என்றா அர்த்தம்? உங்களிடம் பிடிக்காததை எழுத உட்கார்ந்தால் ஏரோகிராம் போதாது, கணக்குப் புத்தகம் வேண்டும். அதற்காக உங்களை வேண்டாமென்றா சொல்கிறேன்? காக்கா எனக்கு இன்றும் பிடிக்காது. இன்று காலைகூட ஒன்றைத் துரத்தினேன்.

ஒரு வருஷம்தானே, பரவாயில்லை. பொன்னுரங்கம் கால் சரியாகி நேற்று கடலுக்குப் போய்வந்தார். நாங்கள் வியாழக்கிழமைக் கப்பலில் புறப்படுகிறோம். கிண்ணத்தை எப்படி முடிப்பது என்று எனக்குக் கவலையாக இருந்தது. ஊருக்குப் போகும்போது கிண்ணம் என் பக்கம் இருக்கக் கூடாது என்று கணக்குப் போட்டு, இன்று காலை பிரியாணி நிறைய வைத்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பெருநாள் பிரியாணி போல, உங்கள் ஊர் வழக்கப்படி. முடிந்தது என்று நினைத்தேன்.

பச்சையம்மா அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் அதே கிண்ணத்தில் நெத்திலிக் கருவாட்டை அமுக்கி நிரப்பி, துணியால் கட்டி எடுத்துவந்து என் டிரங்குப் பெட்டிக்குள் தானே வைத்தாள். "கப்பல்ல நாறும்" என்றேன். "நாறட்டும். எங்கூட்டுக் கிண்ணிய சும்மா அனுப்பிறாதே. தபால்ல கிபால்ல அனுப்பினே, வாங்க மாட்டேன். நீயே எத்துகினு வா" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் என் தோளைப் பிடித்த கையை எடுக்க வெகுநேரம் ஆயிற்று. நான் அழுதேன். அவள் திட்டவில்லை.

அதனால் இப்போதிருந்தே நல்ல ஆள் ஒருவரைத் தேடி வையுங்கள். ஜெட்டிக்கு வந்து நில்லுங்கள், இந்தத் தடவை இரண்டு பேரும் கையாட்டுவோம். நாங்கள் வருவதற்குள் சர்க்கரை வாங்கி எறும்பு வராத டப்பாவில் போட்டு வையுங்கள், ஆலிஸ் அக்கா கிண்ணங்கள் எத்தனை நம் மேசைமேல் சேர்ந்திருக்கின்றனவோ.

அடுத்த வருஷம் நாம் கடையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது ஆலிஸ் அக்காவும் ஒரு கிண்ணத்தை நிரப்பி என் பெட்டியில் வைத்துவிட்டால் என்ன செய்வது? இப்போதே யோசித்து வையுங்கள்.

மலிகா